மஞ்சள் வைத்த ஜேக்கட்

எண்பதுகளின் கடைசியில் பினாங்கில் ஸ்டைலாக இருக்க முதல் தகுதி, வியர்வையைப் பொருட்படுத்தாமை. சென்னைக் கதாநாயகர்கள் பனிமலையில் ஜீன்ஸ் ஜேக்கட் போட்டு ஆடினார்கள். நாங்கள் அதே ஜேக்கட்டோடு ஜார்ஜ் டவுன் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம்.

என்னுடையது லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. முழங்கை கிழிந்திருந்தது, எவனுடைய முழங்கையோ. இருக்கிறானா போய்ச் சேர்ந்தானா என்று தெரியாதவன் போட்ட துணி எங்கள் வாசற்படி தாண்டக்கூடாது. ஆகவே கொம்தார் பேரங்காடியில் புதிதாக வாங்கியதாக அம்மாவிடம் சொன்னேன்.

"கிழிஞ்சிருக்கேடா?"

"இப்பல்லாம் கிழிச்சுதான்மா விக்கிறாங்க."

"கிழிச்சதுக்கும் சேர்த்துக் காசு வாங்கிட்டானா?" என்றவர், புதுத்துணிக்குச் செய்வதைச் செய்தார். சாமி படத்தின் முன் வைத்து, மஞ்சள் குழைத்து, ஒரு பொட்டு. மற்ற வீடுகளில் அதை உள்ளோரத்தில் வைப்பார்கள். என் அம்மா காலரின் மேலேயே கட்டைவிரலை அழுத்தி ஒரு திருப்புத் திருப்பினார்.

அந்த வாரம் ஒரு பழைய கடைவீட்டில் நவீன ஓவியக் கண்காட்சி. அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிட வேண்டும் என்பதே அப்போது என் இலட்சியம். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பகலெல்லாம் சர்க்யூட் பலகை பார்ப்பவன், மாலையில் நூலகத்தில் தடித்த புத்தகங்களைப் படித்து, எந்த இடத்தில் தலையாட்டுவது என்று கற்றிருந்தேன். கூரையிலிருந்து ஒரு துருப்பிடித்த சைக்கிள் தொங்கியது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இதைவிட நல்ல துரு இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

கண்காட்சியை நடத்தியவர் லண்டனில் படித்துத் திரும்பிய தமிழ்ப் பெண். சைக்கிளை விட்டுவிட்டு என் காலரைப் பார்த்தார்.

"தம்பி, இந்த யெல்லோ மார்க் யாரோட வேலை?"

அவர் வீட்டிலும் தீபாவளிக்கு மஞ்சள் வைத்திருப்பார்கள். ஆனால் வெள்ளைச் சுவரின் முன்னால் பார்த்தால் மஞ்சள்கூட வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

"சிங்கப்பூர்ல ஒரு ஆர்ட்டிஸ்ட், அக்கா. பேர் வெளிய சொல்ல மாட்டாங்க."

"சூப்பர் லா! அடுத்த மாசம் இங்க சுவர்ல பன்னிரண்டு ஜேக்கட் மாட்டுவோம். பழசு நானே வாங்கித் தரேன். இந்த மார்க் மட்டும் போட்டு வாங்கிட்டு வாங்க. பக்கத்துல ஒட்டுற கார்டுல உங்க பேரும் வரும்."

கார்டில் என் பெயர்! பன்னிரண்டு ஜேக்கட்டுகளை மூட்டையாக வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முதலில் நானே செய்தித்தாளில் மஞ்சள் வைத்துப் பார்த்தேன். குழம்பு சிந்தியது போலிருந்தது. வேறு வழியின்றி அம்மாவிடம் போனேன்.

அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தார். "யாரு போட்டதுடா இது? பழசுக்கு எவளாவது மஞ்சள் வைப்பாளா?"

"என்னோடதுக்கு மட்டும் வச்சீங்களே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அம்மா விளக்குமாற்றுப் பிடியால் என் ஜேக்கட்டை ஆணியிலிருந்து எடுத்து, மற்ற பன்னிரண்டோடு வெந்நீரில் போட்டார். சோப்புப் பட்டதும் பொட்டு சிவந்தது. இரண்டு நாள் வெயிலில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அதோடு விடவில்லை. "என் வீட்லேர்ந்து போற துணி கிழிசலோட போகக் கூடாது" என்று என் பழைய பள்ளிக் காற்சட்டையை வெட்டி, கிழிந்த முழங்கைக்கெல்லாம் பச்சை ஒட்டுப் போட்டு, கை மடிப்பு கத்திபோல் நிற்க இஸ்திரியும் போட்டுத் தந்தார். மஞ்சள் மட்டும் கிடையாது.

கார்டில் என் பெயர் போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் மூட்டையை இறக்கினேன். அந்த அக்கா ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"உங்க ஆர்ட்டிஸ்ட் மார்க்கையே விட்டுட்டாரா? என்ன துணிச்சல் தம்பி!"

அப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "எங்கம்மா தச்சது, அக்கா."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நீங்க இவ்ளோ ஜோக் அடிப்பீங்கன்னு தெரியாது."

கண்காட்சி முடிந்ததும் கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கலைஞர்: பெயர் கூற விரும்பாத சிங்கப்பூர்க்காரர். அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், போக்குவரத்து உதவி என்று என் பெயர்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "லாரி ஓட்ட எப்படா கத்துக்கிட்டே?" என்றார்.