தண்ணீர் பட்டனைத் தட்டியவர்

வாஷிங் மெஷினுக்கு புரோகிராம் எழுதும் எங்கள் புனே அலுவலகத்தில் ஒரு பெண்தான் அதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். ஒல்லியான உருவம், கண்ணாடி எப்போதும் தலைமேல். எந்தப் பட்டனையும் விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டுவார்.

நாங்கள் புரோகிராம் எழுதும் சி மொழியில், சேர்ந்த வேலைகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ‘கிளாஸ்’ வசதி கிடையாது. அதனால் தண்ணீர் நிரப்புவது, துவைப்பது, பிழிவது என்று மெஷினின் ஒவ்வொரு நிலைக்கும் ஸ்ட்ரக்சர் என்ற ஒரு தொகுப்பை வைத்து, அதற்குள் ஒவ்வொரு பட்டனுக்கும், அழுத்தினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று காட்டும் ஒரு ஃபங்ஷன் பாயின்டர் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை. ஃபேக்டரிக்கு அனுப்ப வேண்டிய நாளன்று, மெஷின் பிழிந்துகொண்டிருக்கும்போது அவர் தண்ணீர் அளவுப் பட்டனைத் தட்டினார். மெஷின் அப்படியே நின்றுபோனது. அந்த ஒரு பாயின்டரை நான் காலியாக விட்டிருந்தேன்.

“பிழியும்போது தண்ணி பட்டனை யாருங்க அழுத்துவாங்க?” என்றேன்.

“நான்தான் அழுத்தினேனே சார்.”

பல்லைக் கடித்துக்கொண்டு, காலி இடங்களிலெல்லாம் ஒன்றுமே செய்யாத ஒரு ஃபங்ஷனைப் போட்டுக் கொடுத்தேன். மறுபடி தட்டினார்.

“இப்போ ஹேங் ஆகலை. மத்லப்... அதாவது, நான் தட்டினது அதுக்குக் கேட்டுச்சா இல்லையா? எனக்கு எப்படித் தெரியும்?”

அன்றைக்கு ஃபேக்டரிக்கு எதுவும் போகவில்லை. மேனேஜரிடம் திட்டு வாங்கியது நான்தான். ஒரு ‘பீப்’ சத்தத்தைச் சேர்த்த பிறகே அந்தப் பெண் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். வானவடியில் என் வீட்டிலும் அதே மெஷின்தான். அந்த ‘பீப்’பைக் கேட்டால் இன்றும் எரிச்சலாக வருகிறது. பிறகு எதற்கு ஒவ்வொரு ஞாயிறும், பிழியும் நேரம் பார்த்துப் போய், அந்தத் தண்ணீர் பட்டனை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டுகிறேன் என்றுதான் புரியவில்லை.