தராசில் ஒட்டிய குங்குமம்

டாக்டர் சார், உங்கள் ஆராய்ச்சிக் கணக்கு ஒத்துவராததற்கு என்மேல் பழி போட்டீர்கள்.

செலியமேட்டிலிருந்து பஸ் ஏறி உங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து எலிகளைப் பார்த்துக்கொண்டவள் நான். தீனி வைப்பேன், தண்ணீர் மாற்றுவேன், காலையில் ஒவ்வொன்றாக எடை பார்த்து எழுதுவேன். பத்தாவது ஃபெயில்தான். ஆனால் தராசில் எண் படிக்கத் தெரியும்.

ஒரு முறை, உடம்பு இளைத்துச் சர்க்கரை குறைகிறதா என்று பார்க்க, ஆண் எலி, பெண் எலி எல்லாவற்றுக்கும் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தீர்கள். தீனி ஒன்றுதான். ஆண் எலிகள் இளைத்தன, ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியது. உங்களுக்குச் சந்தோஷம். பெண் எலிகள் முதல் வாரம் இளைத்து, இரண்டாவது வாரமே பழைய எடைக்கு வந்துவிட்டன. சர்க்கரையும் இறங்கவில்லை. பார்த்ததை எழுதினேன்.

பெண் எலிகளுக்கு நான் திருட்டுத்தனமாகச் சோறு போடுகிறேன் என்று என் டிபன் பாக்ஸைத் திறந்தீர்கள். கருவாட்டுக் குழம்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடிவிட்டீர்கள். பிறகு தராசைப் புரட்டினீர்கள். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் குங்குமத்தில், துடைத்தது போக ஓரமாய் ஒரு பொட்டு மிச்சம் இருந்தது. அந்தப் பூஜைச் சுண்டலை நீங்களும்தான் தின்றீர்கள்.

"இந்தக் குங்குமந்தாம்மா எடைய ஏத்திக் காட்டுது" என்றீர்கள்.

"அதே தராசுலதான சார் ஆம்பள எலியையும் வெச்சேன்."

தராசைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனீர்கள். கூண்டு கழுவுகிற அக்காதான் என் காதோரம் சொன்னாள்: "பொட்டைன்னா குங்குமம் ஜாஸ்தி ஒட்டும் போலக்கீதுடி."

சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு நான் குங்குமம் வைக்கவில்லை.

பெண் எலிகளின் எண்களைத் தூக்கிப் போட்டீர்கள். இனி ஆண் எலி மட்டும் போதும் என்று உத்தரவு. எடை தப்பாகப் பார்ப்பவள் என்று எழுதி வைத்துவிட்டு, என்னையும் கூண்டு கழுவ அனுப்பினீர்கள். எங்கள் ஊரில் ஆடு வளர்க்கிறவர்கள் கிடாவும் பெட்டையும் ஒரே மாதிரி தேறும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்கள் அவ்வளவு படிக்கவில்லை, பாவம்.

இந்த வருஷம் புதிதாக வந்த மாணவி அதே ஆபரேஷனை இரண்டு வகை எலிக்கும் செய்தாள். புதுத் தராசு, குங்குமம் கிடையாது. அன்று நான் எழுதிய அதே எடை, அதே சர்க்கரை. போன மாதம் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்து, குடலை வெட்டினால் ஆண் உடம்பு ஒரு விதமாகவும் பெண் உடம்பு வேறு விதமாகவும் நடந்துகொள்கிறது, இதை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் தட்டு இருந்ததால் தட்ட முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் நான்தான் டீ கொண்டுவருவேன். தனியாக அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அதே மைக்கில், அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள்: அன்றைக்கு நான் எழுதிய எடை தப்பா, சரியா?