கையைக் கட்டிக்கொண்டு காவல் காத்தவர்

கிடங்கின் கண்காணிப்பு அறையில் பகல் காவலுக்கு இருந்தவரைச் 'சிலை' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் சும்மா வைப்பதில்லை. எட்டு மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு கேமராக்களின் படம் ஓடும் மானிட்டரைக் கண் கொட்டாமல் பார்ப்பார். 'கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது' என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை அந்தக் கட்டடத்தில் மதித்த ஒரே ஆத்மா அவர்தான்.

சோதனையும் அவருக்குத்தான் வந்தது. அவருடைய முறையில் மட்டும் மானிட்டர் இருண்டுவிடும். மேற்பார்வையாளர் வந்து வயரை ஆட்டி, கண்ட கண்ட பட்டனையெல்லாம் அமுக்கினால் படம் வரும். கேபிளை மாற்றினார்கள். மானிட்டரையே மாற்றினார்கள். புதிதும் இருண்டது. மாலை முறைக்கு வருகிற மச்சான், அதாவது சிலையின் மனைவிக்குத் தம்பி, இருக்கும்போது ஒருநாளும் இருண்டதில்லை. தூங்குவதற்காகச் சிலைதான் அணைக்கிறார் என்று மேற்பார்வையாளர் முடிவுகட்டிவிட்டார். வேலைநீக்கக் கடிதமும் தயார். ஐம்பத்து நான்கு வயதில் இனி எவன் வேலை கொடுப்பான்? 

கடைசி முயற்சியாக, அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் தெரிந்த ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். அவள் எதையும் கழற்றவில்லை.

"அண்ணே, நீங்க எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க."

உட்கார்ந்தார். சரியாகப் பத்தாவது நிமிடம் இருண்டது. அவள் மவுஸை அசைத்தாள், படம் வந்துவிட்டது. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து ஒரு வரி தட்டினாள். அறுநூறு என்று காட்டியது. மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள்.

"அறுநூறு செகண்ட் யாரும் தொடலைன்னா மானிட்டர் தானா அணைஞ்சிடும் சார், கரன்ட் மிச்சம் பண்ண. ஸ்கிரீன்சேவரை நிறுத்தியிருக்கீங்க. இது வேற, இதை விட்டுட்டீங்க. அண்ணன் தூங்கல. தொடாம இருந்தாரு, அவ்வளவுதான்."

சிலைக்குக் கண் கலங்கிவிட்டது.

மேற்பார்வையாளர் லேசில் விடுகிற ஆளா? "அப்போ இவரு மச்சான் இருக்கும்போது மட்டும் ஏன் அணையல?"

மச்சான் வந்ததிலிருந்து போகும்வரை அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறவன். அது சிலைக்குத் தெரியும். திரையின் கீழே சுருக்கி வைத்திருந்த சீட்டாட்டம் அவள் கண்ணிலும் பட்டிருந்தது. அவள் சிலையைப் பார்த்தாள். சொன்னால் இன்றைக்கே அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு குழந்தைக்காரன்.

"அவன் மேசையை அடிக்கடி துடைப்பான் சார். மவுஸ் அசையுமில்ல?" என்றார் சிலை.

அவள் சத்தமில்லாமல் அந்த ஆட்டத்தை மூடினாள். மின்சிக்கனத்தை நிறுத்தும் வரியை, கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானாக ஓடும்படி எழுதி வைத்தாள். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆகியும் இருளவில்லை.

மேற்பார்வையாளர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஆனாலும் அண்ணே, உங்க மச்சானைப் பாத்துக் கொஞ்சம் கத்துக்கங்க. வேலையில என்ன ஒரு அக்கறை!"

சிலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.