பிறந்தநாள் பந்தயம்

அடையாறில் ஒரு துணிக்கடை மாடியில் ரிமோட் கார் பந்தயத் தளம் நடத்துகிறார் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். தொப்பையை இறுக்கிப் பிடிக்கும் பந்தய வீரர் சட்டை. வருகிற பிள்ளைகளோடு தானும் ஓட்டுவார். ஜெயித்ததும் மைக்கை எடுத்து, “முதலிடம், ஓனர்” என்று தானே அறிவித்துக்கொள்வார். வெட்கமே கிடையாது.

என் மகளை அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளன்று மூன்று முறை தோற்கடித்தார்.

“சின்னப் பொண்ணு சார், ஒரு தடவை விட்டுக்கொடுக்கக் கூடாதா?” என்றேன்.

“வுட்டுக்குடுத்தா கண்டுபுடிச்சிடும் சார். அப்பால வராது.”

இப்படித் தொழில் செய்தால் சீக்கிரமே கடையை மூடிவிடுவார் என்று நினைத்தபடி படியிறங்கினேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த சனிக்கிழமையும் வரணும்ப்பா” என்றாள்.

அந்த மனிதரை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருக்கிறோம்.