குதிரைக்காரனுக்கு அழுதவர்கள்

சினிமாவில் ஒருவன் செத்ததற்காக அழும் குழந்தையிடம் என்ன சொல்லவேண்டும்? சில வாரங்களாக யோசிக்கிறேன்.

மும்பை செம்பூர் மாலில் ஒரு இங்கிலீஷ் படம். சின்னப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் மகளை அழைத்துப்போனேன். நான் அப்படித்தான், தயிர் பாக்கெட்டிலும் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கடைசியில் மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு நாயகன் தனியாக நின்று சாகிறான். என் ஆறு வயது மகள் வாய்விட்டு அழுதாள். முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் படமே பிடித்தாள். என் மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா அவள். மறுநாள் காலை வகுப்பு அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் அந்த வீடியோ வந்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். "க்யூட்டாத்தானே இருக்கு, விடேன்" என்றார் கணவர். குழுவுக்குப் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

அன்று தியேட்டர் முழுக்க வெண்ணெய் பாப்கார்ன் வாசனை. நான் பார்த்த முதல் தியேட்டரில் தோல் வாசனைதான். தாராவியில் தோல் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு வீடியோ ஹால். அப்பா பட்டறையில் பை தைத்தார். ஞாயிறு மதியம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வருகிறவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், இங்கிலீஷ் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் குதிரைக்காரப் படம், அதாவது கௌபாய் படம் என்றால் உட்கார இடம் இருக்காது. குதிரைக்காரன் குண்டடிபட்டு விழுந்ததும் பீடிகள் அணையும். இழவு வீட்டு வாசலில் இறக்குவதுபோல, தலையில் கட்டிய துண்டுகள் தோளுக்கு இறங்கும். பிறகு இருட்டில் மூக்குறிஞ்சும் சத்தம்.

ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை அப்பாவைச் சீண்டினார்.

"என்னவே, செத்தவன் ஒமக்குச் சித்தப்பன் மவனா?"

அப்பா கண்ணைத் துடைக்காமலே சொன்னார். "அவனுக்கு அழ இங்க யாருவே இருக்கா? கூட வந்தது ஒரு குதிர. அதுவும் ஓடிட்டு."

பட்டறையிலேயே படுத்து எழுந்தவர்களில் ஒருவர் இறந்துபோனால், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அப்பா அதைப் பலமுறை பார்த்தவர். அவர் சொன்னது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

படம் முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே, "இன்னைக்கும் செத்துட்டானா?" என்பாள். அப்பா தலையாட்டினால் வாளித் தண்ணீரோடு வெளியே வருவாள். கைகால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். குளித்துவிட்டு வரச் சொல்லாததற்கு ஒரே காரணம், அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது.

இன்று அந்த ஹால் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. துண்டை இறக்கிய ஆட்கள் எந்தெந்த மூலையில் இருக்கிறார்களோ, தெரியாது. அப்பாவும் போய்விட்டார். அவரை எங்கள் ஃபிளாட்டில் கிடத்தியிருந்தபோது குடியிருப்பு சொசைட்டி செயலாளர் வந்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது, கொஞ்சம் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். குதிரைக்காரனுக்குக் கிடைத்த அழுகை அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதோம்.

பள்ளியில் இப்போது என் மகளுக்குப் பெயர் ரோத்லு. அழுமூஞ்சி என்று அர்த்தம். நேற்று கட்டடத்துக்குக் கீழே சைக்கிளோடு விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. நான் ஓடினேன். உதடு நடுங்க, முகம் கோண, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தேக்கோ, பாரு மம்மி, நான் அழல."

கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுப்பதா, அழுதுவிடு கண்ணே என்று மடியில் போட்டுக்கொள்வதா? மருந்து மட்டும் போட்டுவிட்டேன். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.