நந்தவனத்தில் சலித்த மணல்

எரு எங்கே போகிறது?

போன வாரம் ஜட்காவில் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனபோது, நண்பர் ராகவாச்சாரி கேட்ட கேள்வி இது. அவருடைய நந்தவனத்தில் துளசி மஞ்சளாகி நின்றது. தினம் ஒரு துளசி மாலை சந்நிதிக்குக் கொடுப்பது அவர் குடும்பத்துக் கைங்கரியம். இப்போது கடைத் துளசியில்தான் ஓடுகிறது. அடுத்த வீதிப் பெரியப்பா பிள்ளை சொல்லி அனுப்பிவிட்டார் — "முடியலைன்னா நான் எடுத்துக்கறேன்."

"வண்டி வண்டியா எரு கொட்டறேன், ஓய்! மாயமாப் போயிடறது."

என்னோடு வந்திருந்த அருளப்பன் காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார். குனிந்து ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகியது.

"சாமி, இது ஆத்து மணலாச்சே! தோட்டத்து மண் எங்கே?"

"அந்தக் கறுப்புக் களிமண்ணா? வெட்டி வெளியே கொட்டிட்டேன். ஒரே சேறு, புழு... பெருமாளுக்குப் போற துளசி சார், சுத்தமா இருக்க வேண்டாமோ? கொள்ளிடத்து மணலைச் சலிச்சுப் போட்டிருக்கேன்."

சலித்து வேறு!

அருளப்பன் இரண்டு ஓட்டைச் சட்டி கேட்டார். ஒன்றில் மணல். மற்றதில் சுவருக்கு வெளியே கிடந்த களி, கொஞ்சம் மணல் கலந்து. இரண்டிலும் சாணத் தண்ணீரை ஊற்றினார். மணல் சட்டியில் ஊற்றிய நிறத்திலேயே இறங்கியது. களிச் சட்டியிலிருந்து வெளுத்து, சொட்டுச் சொட்டாக வந்தது.

விஷயம் இவ்வளவுதான். மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் எருவைத் தின்று மூச்சாக விட்டுவிடுகின்றன. கொட்டிய எருவில் பெரும்பங்கு காற்றோடு போய்விடுகிறது. களியின் துகள் மகா பொடி. எருவின் சாரத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஒட்டியதை அந்த ஜீவன்களால் லேசில் தின்ன முடியாது, வருஷக்கணக்கில் தங்கும். மணலுக்கு அந்தப் பிடி இல்லை.

ஆச்சாரி மசியவில்லை. "அந்த அழுக்கைத் திரும்ப உள்ளே விடவா?"

கிணற்றடியில் இருந்த அவர் மனைவி வேதவல்லி நிமிர்ந்தார்.

"ஏன்னா, கார்த்தால நெத்தியில இட்டுண்டேளே திருமண், அதுவும் ஒரு களிதானே? மணலைக் குழைச்சு இட்டுண்டு பாருங்கோ... வாசல் தாண்டறவரை நிக்கறதான்னு!"

ஆச்சாரியின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

வேண்டாததை வெளியேற்றுவதில் நமக்கெல்லாம் ஒரு வேகம். அது எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

நேற்று மறுபடி போனேன். கறுப்பு மண் கூடை கூடையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. தை வரை பொறுக்கப் பெரியப்பா பிள்ளை சம்மதித்துவிட்டாராம். அதற்குள் துளசி தழைக்க வேண்டும்.

ஆச்சாரி வாசலில் செம்போடு நின்று, ஒவ்வொரு கூடைமேலும் காவேரி ஜலம் தெளித்தார்.

"சுத்தமாயிடுத்தா?" என்றேன்.

"சும்மா இரும், ஓய்."

களி அந்த ஜலத்தையும் பிடித்துக்கொண்டது.