தைப்பூசத்தில் பாடிய பொலேரோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், முருகன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிலிப்பீன்ஸ்காரர். நடன மண்டபத்தில் கிட்டார் வாசிப்பவர். நான் துறைமுக வேலை முடிந்து நான்கு மணிக்குத் திரும்பும்போது வாசலில் உட்கார்ந்து பாடிப் பழகுவார். எல்லாம் ஸ்பானிய மொழிப் பாட்டுகள். மாம்போ என்றால் தாழ்வாரமே அதிரும். சா-சா-சா வந்தால் என் மகள்கள் இடுப்பை ஆட்டுவார்கள்; மனைவி கரண்டியோடு ஓடி வருவாள். பொலேரோ வேறு மாதிரி. மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி நடக்கும். அதில் ஒரு பாட்டில் குரல் மேலே போய் உடைந்து கெஞ்சும். எனக்குக் கண்ணீர் வந்துவிடும். அவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். இப்படிக் கெஞ்சுவது கடவுளிடம்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கேட்கவில்லை. அதுதான் என் தப்பு.

அந்த மெட்டில் முருகனுக்கு நான்கு அடி எழுதினேன். வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரும் உருகிப் பாடினார்கள். எங்கள் குழுவில் பாரந்தூக்கி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். பிரசவத்தில் மனைவி பிழைத்ததற்காக அந்த வருடம் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். "தம்பி, வேற பாட்டே வேணாம். கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் இதையே பாடுங்க. இதக் கேட்டா எனக்குப் பயம் போயிடுது" என்றார்.

பூசத்துக்கு மூன்று நாள் முன்பு வீட்டில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். எங்களுக்குள் பேச்சு மலாய் மொழியில்தான்.

"என்ன அண்ணே, என் பாட்ட எடுத்துட்டீங்க?"

"சாமி பாட்டுதானே? யாருடைய சாமியா இருந்தா என்ன?"

"சாமியா? ஐயோ, இல்ல லா! அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட, 'என்கூட வந்துடு'ன்னு ஒருத்தன் கெஞ்சுறான்."

அண்ணனிடம் சொன்னால் விரதத்தில் இருக்கிறவர் மனம் உடைந்துவிடும். சொல்லாவிட்டால் அவர் நேர்த்திக்கடனில் அழுக்கை வைத்தவன் நான். மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"அர்த்தம் தெரியாமத்தானே எழுதுனீங்க? பேசாம வாய மூடிட்டுப் பாடுங்க."

"வாய மூடிட்டு எப்படிடி பாடுறது?"

"அப்ப வேற பாட்டு பாடுங்க. என்னைப் போட்டுப் படுத்தாதீங்க."

அவள் சொன்னபடியே செய்யலாம் என்று நினைத்தேன். பூசத்தன்று சிராங்கூன் சாலையில் புறப்பட்டதும் எல்லாருக்கும் தெரிந்த பழைய காவடிப்பாட்டைத் தொடங்கினேன். அண்ணன் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சாலை நடுவில் நின்றுவிட்டார். கன்னத்திலும் நாக்கிலும் வேல், பேச முடியாது. என்னையே பார்த்தார். ஒரு கையால் தொடையில் தாளம் தட்டினார். அந்தப் பொலேரோவின் மெதுவான தாளம். காவடி ஒரு பக்கம் சாய்ந்தது.

"பாடுங்கண்ணே! விழுந்துடப் போறாரு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

முருகா, தண்டனை எனக்கே இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டையே பாடினேன். அவர் நடந்தார்.

கண்ணைத் திறந்தபோது கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் எங்களோடு அசைந்தது. முணுமுணுத்தது அவருடைய வார்த்தைகளா, என்னுடையவையா, தெரியாது. டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அண்ணன் மறுபடி நிற்கவே இல்லை.

அண்ணனிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை. பாட்டு மட்டும் இருக்கிறது. போன மாதம் தோ பாயோவில் ஒரு வீட்டுப் பஜனையில் அதைப் பாடிவிட்டு, யாரோ சித்தர் அருளியது என்றார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். வாய் வரை வந்த உண்மையை அன்றும் விழுங்கிவிட்டேன்.

அதனால்தான் எழுதிவிட்டேன். பாட வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தரைச் சேர்க்காதீர்கள், அடுத்தவன் மனைவியை மறைக்காதீர்கள். இங்கே நான் எழுதியது எழுதியபடியே போகட்டும்.